ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்

மூன்று உயிர் என்றால் மூன்றுதான். அதற்குள் எத்தனை அறை தாண்ட முடியுமோ தாண்டிக்கொள்ள வேண்டும். மூன்றும் போய்விட்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். மறுபடி ஆடச் சொல்லித் திரையில் எவ்வளவு நேரம் மின்னினாலும் அக்கா அந்தப் பொத்தானைத் தொடமாட்டாள். டிவியை அணைத்து, கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னொரு தடவ ஆடுங்கக்கா, மணி நாலுதான் ஆவுது" என்பேன்.

"நாளைக்கு ஆடலாம். இன்னிக்கு ஆடியாச்சு."

மேல்விஷாரத்தில் அவர்கள் வீட்டு மாடியில் நானும் அம்மாவும் மூன்று வருடம் குடியிருந்தோம். எண்பதுகளின் கடைசி அது. நான் தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் ஆபீசில் டைப்பிஸ்ட். அந்த ஊரில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அரக்கோணத்தில் வளர்ந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவது ஏதோ தண்டனை மாதிரி இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது. அக்கா கீழ்வீட்டின் மருமகள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். கணவர் சவூதியில் இருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் என்று பெயர், சேர்ந்து வாழ்ந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஏழு மாதம்கூட வராது.

போன விடுமுறைக்கு வந்தபோது அவர் மூன்று சாமான்கள் கொண்டுவந்திருந்தார். ஒரு கலர் டிவி, இரண்டு கேசட் போடுகிற டேப் ரிக்கார்டர், ஒரு கம்ப்யூட்டர். முதல் இரண்டும் எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுதான் யாருக்கும் புரியவில்லை. தட்டையாக, விசைகளோடு, ஒவ்வொரு விசையிலும் ஆங்கிலமும் அரபியுமாக எழுத்து. அவர் திரும்பிப் போன மறுவாரம் அக்காவின் மாமியார் என்னைக் கீழே கூப்பிட்டார்.

"நீ ஆபீஸ்ல டைப்புதானே அடிக்கற? இந்த மிஷின கொஞ்சம் பார்த்து சொல்லும்மா. பேப்பர் எங்க சொருகறதுன்னே தெரியல."

நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பேப்பர் சொருக இடமே இல்லை. பேப்பர் சொருக முடியாத டைப்ரைட்டரை எதற்குச் செய்தான் என்று எனக்கும் புரியவில்லை, அப்படியே சொன்னேன். பின்னால் நின்றிருந்த அக்கா அப்போதுதான் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கணவர் ஆடிக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். மாமியார் கேட்கவில்லை, அதனால் இவள் சொல்லவில்லை. கூட வந்த புத்தகம் முழுக்க அரபி. மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற அஜ்ரத்தை வரவழைத்துக் காட்டினார்களாம். அவர் இரண்டு பக்கம் அழகாகப் படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் தெரியுது, இன்னா சொல்றான்னுதான் தெரியல. இது கடைக்காரன் அரபி" என்று அவரே சிரித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனாராம். கடைசியில் அந்தப் பெட்டியை ஓடவைத்தது கணவர் எழுதி அதன் அடியில் ஒட்டிவிட்டுப் போன ஒரு துண்டுக் காகிதம்தான். அதில் ஒரே ஒரு வரி கட்டளை இருந்தது.

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆட்டம் இருந்தது பாட்டு கேட்கிற கேசட்டில். டேப் ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். காகிதத்தில் இருக்கிற வரியை அடித்துவிட்டு டேப்பை ஓடவிட்டால் நாலு நிமிஷம் ஒரே கீச்சொலி. காதைப் பிடுங்கும். அது முடிந்ததும் டிவியில் படம் வரும், வந்தால். டேப்பின் உள்ளே தூசி இருந்தால் வராது. மறுபடி நாலு நிமிஷம். அக்கா அந்தக் கீச்சொலியைக் காது கொடுத்துக் கேட்பாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு, "சத்தம் தடிச்சுப் போச்சு, வராது" என்பாள். நான் சந்தேகப்பட்டு ஒரு நாள் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். வரவில்லை. தையல் மிஷினுக்கு வைத்திருந்த குட்டித் திருப்புளியை எடுத்து, டேப்புக்குள் ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவாள். அடுத்த தடவை படம் வந்துவிடும்.

ஆட்டம் ஒன்றேதான். தொப்பி போட்ட ஒரு குள்ளன். ஏணியில் ஏறி, கயிற்றில் தொங்கி, அறையில் கிடக்கிற சாவிகளை எல்லாம் பொறுக்க வேண்டும். பொறுக்கினால் கதவு திறக்கும், அடுத்த அறை. மொத்தம் இருபத்தைந்து அறைகள். நடுவில் நாலு உருண்டைகள் துரத்திக்கொண்டே இருக்கும். குள்ளனுக்கு அக்கா மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தாள். உருண்டைகள் செலக்‌ஷன்காரர்கள். டேனரியில் தோலை விரித்துப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். அக்காவின் அப்பா அந்த வேலை பார்த்தவர்.

"செலக்‌ஷன்காரன் வர்றான் பாரு, ஏணி ஏறு, ஏணி ஏறு" என்று அமைதியாகத்தான் சொல்வாள். எனக்குக் கை பதறும். முதல் நாள் ஒரு நிமிஷத்தில் என்னுடைய மூன்று உயிரும் போயின. திரும்ப ஆடக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டு டிவியை அணைத்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஓசியில் ஆட வந்தவள் என்று நினைக்கிறாளோ என்று தோன்றியது. அப்படி இல்லை என்று புரிய ஒரு வாரமாயிற்று. தனக்கும் அதே சட்டம்தான் வைத்திருந்தாள்.

கரண்ட் போனாலும் அதே கதை. பக்கத்து டேனரியில் பெரிய மர டிரம்கள் சுற்ற ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, டிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும். சில நாள் சுருங்கிச் சுருங்கி அணைந்தே போகும். ஒரு தடவை பதினேழாவது அறையில் இரண்டு உயிர் கையில் இருக்கும்போது போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. அஞ்சு நிமிஷத்தில் கரண்ட் வந்தது. அக்கா துணியைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம தப்பு இல்லயேக்கா."

"தப்புன்னு யார் சொன்னா? ஆடியாச்சு."

இதெல்லாம் ஆட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளே அப்படித்தான். நாத்தனாரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பாள். அந்தப் பெண் ஏதோ யோசனையில் எழுந்து வராவிட்டால், இரண்டாவது முறை கேட்கமாட்டாள். தானே போய் எடுத்துக் குடிப்பாள். முறைப்பு, முணுமுணுப்பு எதுவும் இருக்காது. பக்ரீத் அன்று எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். தட்டு நிறைய பிரியாணியோடு மாடி ஏறி வந்து, "சாப்டறியா?" என்றாள். அரக்கோணத்தில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, முதல் தடவை வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. இரண்டாவது தடவை, "அட, கொஞ்சமா" என்பார்கள், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். நான் மரியாதையாக, "வேணாம்க்கா" என்றேன். "சரி" என்று தட்டோடு இறங்கிப் போய்விட்டாள். அந்த வாசனை படிக்கட்டில் அரை மணி நேரம் நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே கை நீட்டப் பழகிக்கொண்டேன்.

ஏன் இப்படி என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அப்பாவை அவள் அத்தா என்பாள்.

"பத்தாவது முடிச்சப்போ மேல படிக்கணும்னு அத்தாகிட்ட கேட்டேன். தெனம் கேட்டேன். சாப்டாம கேட்டேன், அழுது கேட்டேன். நாப்பது நாளு. கேக்கக் கேக்க அவருக்கு நான் பேசறதே கேக்காம போய்டுச்சு. எதிர்ல நின்னா பேப்பர மடிச்சுக்கினு எழுந்து போய்டுவாரு. அன்னிக்கு நெனச்சேன், இனிமே யார்கிட்ட எதுன்னாலும் ஒரு தடவதான்."

தட்டைச் சாய்த்து உதறினாள். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு உண்டான நாள் அது. அந்த வயதில் அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஆட்டம் என் செல்போனிலேயே இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஆட்டங்களை எல்லாம் திரட்டி இணையத்தில் போட்டிருக்கிறான். தொட்டால் திறக்கிறது. கீச்சொலி இல்லை, திருப்புளி வேண்டாம். செத்தால் செத்த இடத்திலிருந்தே தொடரலாம். போன மாதம் ராணிப்பேட்டைக்குப் போகிற பஸ்ஸில், செத்துச் செத்துப் பிழைத்து இருபத்தைந்து அறையையும் முடித்தேன். முடித்தால் என்ன வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

அந்த நாளில் தெருவுக்கு ஒரு போன். வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் வேலூர் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் பெண்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊரிலிருந்து யாராவது சவூதிக்குக் கிளம்பினால் அந்த வீட்டில் பொட்டலங்கள் குவியும். ஊறுகாய், இருமல் மருந்து, கூடவே கேசட்டுகள். போய்ச் சேருகிற இடத்தில் ஓர் அறைக்கு எட்டு ஆண்கள். உரியவர் வேலை முடிந்து வருவதற்குள் மற்றவர்கள் போட்டுக் கேட்டுவிடுவார்கள். யார் வீட்டுக்காரி என்ன சொல்லி அழுதாள் என்பது அடுத்த விடுமுறையில் ஊருக்கே தெரிந்திருக்கும். சில பெண்கள் முதலில் கால் மணி நேரம் பள்ளிவாசல் சொற்பொழிவான பயானைப் பதிவு செய்து அதன் பின்னால் பேசினார்கள். அந்த வித்தையும் சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா வேறு வழி வைத்திருந்தாள். இரட்டை டேப்பில் ஆட்டத்தின் கீச்சொலியை வெற்றுக் கேசட்டில் ஏற்றி, அது முடிந்த பிறகு தன் பேச்சைப் பதிவு செய்வாள். மேலே ஆட்டத்தின் பெயரை எழுதி ஒட்டுவாள். "நாலு நிமிஷம் அந்தச் சத்தத்த எவன் பொறுத்துக்குவான்? மச்சானுக்கு மட்டும்தான் தெரியும், அது முடியற வரைக்கும் ஒக்காரணும்னு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஆனி மாதம் அவள் கணவரின் ஒப்பந்தம் முடிகிற சமயம். நீட்டிப்பதா, ஊர் திரும்புவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். எதிர்த்தெரு ஹாஜியார் மகன் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அன்று காலை மாமியாருக்குக் கண் காட்ட அக்கா வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"டிவி மேல ஒரு கேசட் வெச்சிருக்கேன். மூணு மணிக்குள்ள ஹாஜியார் வீட்ல குடுத்துடு. மறந்துடாத." மறந்துடாத என்று அவள் சொல்வது வழக்கமே இல்லை. நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு மணிக்குக் கீழே போனேன். நாத்தனாரும் அவர்களோடு போயிருந்ததால் வீடு காலி. அக்கா இல்லாத வீட்டில் அவள் சட்டம் எனக்கெதற்கு என்று தோன்றிவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து ஆட்டக் கேசட் ஒன்றை எடுத்துப் போட்டு ஆடினேன். செத்தேன். மறுபடி ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் பதினாலாவது அறை வரை போனேன். மணியைப் பார்த்தால் இரண்டு ஐம்பது. டிவி மேல் இரண்டு கேசட்டுகள் கிடந்தன. ஆடிய கேசட்டை எப்போது எடுத்து அங்கே வைத்தேன் என்று நினைவில்லை. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஒன்றை எடுத்து டேப்பில் போட்டுப் பார்த்தேன். கீச்சொலி வந்தது. இரண்டிலும் அது வரும் என்பது அவசரத்தில் உறைக்கவில்லை, சரி, இதுதான் என்று எண்ணிக்கொண்டேன். கடைசி வரை ஓடவிட்டிருந்தால் தெரிந்திருக்கும். புருஷன் பெண்டாட்டி பேசுவதை நாம் கேட்பதா என்று நிறுத்திவிட்டேன். என் நாகரிகம் அன்று அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது. இன்னொரு கேசட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு ஓடினேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கேசட் கிடைத்தது, இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறேன், அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். அக்கா படித்து மடித்து உள்ளே வைத்தாள்.

"வரச் சொல்லிக் கேட்டேன். இல்லன்னுட்டாரு" என்றாள். அதுவும் ஒரு தடவைதான் சொன்னாள்.

"திரும்ப கேளுங்கக்கா. கடுதாசி எழுதுங்க, நான் வேணா டைப் அடிச்சுத் தர்றேன்."

"கேட்டாச்சு."

ஆட்டத்தை அவள் விடவில்லை. தினமும் மூன்று உயிர். ஆனால் செலக்‌ஷன்காரனைப் பற்றியெல்லாம் பேசுவதை விட்டுவிட்டாள். முன்பு ஆடும்போது காலை மடித்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுவாள். இப்போது பாத்திரம் கழுவுவது போல ஆடினாள். மழைக்காலத்தில் பழைய ஆட்டக் கேசட்டை டேப் தின்றுவிட்டது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அதை வைத்துத்தான் ஆட்டம் ஓடியது. படம் வந்ததும் டேப்பை நிறுத்திவிடுவது அவள் வழக்கம்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. "நீ ஆடிட்டு இரு, பார்த்துட்டு வர்றேன்" என்று அக்கா போனாள். மாமியார் உள்ளறையில் படுத்திருந்தார். நான் கேசட்டை ஓடவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது படம் வந்திருந்தது. டேப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கீங்களா?"

ஹாஜியார் வீட்டில் நான் கொடுத்தது எதை என்பது அந்த நொடியில் புரிந்தது. வெறும் கீச்சொலியை அவர் நாலு நிமிஷம் பொறுத்துக் கேட்டிருப்பார். அதற்குப் பிறகு ஒன்றுமே இருந்திருக்காது. சத்தத்தைக் குறைத்து, டேப்போடு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை நாகரிகம் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சு ரூமும் முடிச்சுட்டேன் மச்சான். போன வாரம் முடிச்சேன், யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல ஒங்ககிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தேன். முடிச்சா இன்னா வரும்னு அன்னிக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோமே. ஒண்ணும் வரல. மேஸ்திரிய திரும்ப மொதல் ரூம்லயே கொண்டாந்து வுட்டுட்டான். அதே ஏணி, அதே சாவி. செலக்‌ஷன்காரனுங்க மட்டும் முன்ன விட வேகமா ஓடறானுங்க. அவ்ளோதான் மச்சான் இது. எழுதிக் குடுக்காதீங்க. வந்துடுங்க."

நீட்டிக்காதீங்க என்பதைத்தான் எழுதிக் குடுக்காதீங்க என்றாள். பிறகு ஊர்ச் செய்தி கொஞ்சம், மாமியார் கண், தங்கச்சி கல்யாணம். நடுவில் பேச்சு நின்று, மறுபடி, வந்துடுங்க மச்சான். டேனரியில் மேஸ்திரி வேலை காலி இருக்காம், வந்துடுங்க. இங்க இருந்தா என்ன கெட்டுப்போச்சு, வந்துடுங்க. கடைசியில் வேறு வார்த்தையே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் அந்த ஒரு சொல்லும்தான். எண்ணுவது என் புத்தி, எண்ணிவிட்டேன். பதினோரு தடவை.

ஒரு தடவைக்கு மேல் தண்ணீர்கூடக் கேட்காதவள். நான் அன்று டிவிக்கு எதிரில் உட்கார்ந்து அழுதேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. திட்டுவாள் என்கிற பயம் மட்டும் காரணமில்லை. சொன்னால், கேட்டாச்சு, இனி அனுப்பாதே என்றுவிடுவாள் என்று உறுதியாகத் தெரியும். அந்தக் கேசட்டு அவள் கைக்குப் போகாமல் அவர் கைக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் எங்கள் ஆபீஸ் கணக்கரின் தம்பி சவூதிக்குக் கிளம்பினார். அதே சமயம் அக்கா இரண்டு நாள் தாய் வீட்டுக்குப் பேரணாம்பட்டு போனாள். ஆடப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, இரட்டை டேப்பில் ஆட்டத்தின் சத்தத்தை மட்டும் ஒரு புதுக் கேசட்டில் ஏற்றி, அவள் கையெழுத்தைப் போலவே பெயர் எழுதி ஒட்டி, பழைய இடத்தில் வைத்தேன். அசல் கேசட்டோடு ஒரு சீட்டு வைத்துக் கட்டினேன். சத்தம் முடிந்த பிறகும் நிறுத்தாமல் கேட்கவும் என்று டைப் அடித்திருந்தேன்.

அக்கா ஊரிலிருந்து வந்த அன்று மாலை டேப்பை ஓடவிட்டாள். பத்து விநாடிகூட ஆகவில்லை, நிறுத்திவிட்டாள்.

"இது நான் போட்டது இல்ல."

கேசட்டை வெளியே எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலூர் போன அன்று மூன்று ஆட்டம் ஆடியது, கேசட்டு மாறியது, நேற்று அனுப்பியது, எல்லாம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அவரு அத கேக்கவே இல்ல."

"இல்லக்கா."

"இத்தினி மாசமா அது இங்கதான் இருந்துச்சு. தெனம் நான் அதத்தான் போட்டேன்."

"ஆமாக்கா."

"நீ முழுசா கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

உள்ளே மாமியார் இருமினார். அக்கா குரலை இறக்கினாள்.

"கெஞ்சறாப்ல இருந்துச்சா?"

அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எட்டு பேர் இருக்கிற அறையில் அவர் கேட்பார் என்பதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தான் எப்படிக் கேட்டோம் என்பதுதான் பயம். எனக்குப் பொய் சுலபத்தில் வராது. அன்று வந்தது.

"இல்லக்கா. ஒரு தடவதான் வரச் சொன்னீங்க."

கேசட்டைத் திரும்ப டேப்புக்குள் போட்டு மூடினாள். பிறகு, "அந்தச் சீட்டு தேவையே இல்ல. அவருக்குத் தெரியும், நிறுத்தக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னிடம் முன்பு போலத்தான் பேசினாள். சாவியை மட்டும் மறுபடி என்னிடம் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

அவர் நோன்புக்கு முந்தின வாரம் வந்து இறங்கினார். இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொடுத்ததை எப்படியோ பேசி முறித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னையும் அம்மாவையும் கீழே கூப்பிட்டுப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். அவர் மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். மாமியாருக்கு மகன் வந்த சந்தோஷம் ஒரு பக்கம், மருமகள்மேல் சந்தேகம் ஒரு பக்கம்.

"ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டு இன்னாத்துக்குடா பாதில ஓடியாந்த?"

"வரச் சொன்னா, வந்துட்டேன்."

"அதான பார்த்தேன். கேசட்டு கேசட்டா அனுப்பி அழுதிருப்பா. எத்தினி தடவ கேட்டா?"

அக்கா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்தது தெரியாமல் ஊற்றினாள். உலகத்தில் அந்தக் கேசட்டைக் கேட்டவர்கள் இரண்டே பேர்தான் என்றால், அதில் ஒருத்தி நான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை. தன் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒரு தடவம்மா. ஒரே ஒரு தடவதான் கேட்டா."

அக்கா டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.